ஐந்து பேருக்காக ஊதியவர்

மருத்துவமும் ஆய்வும் சேர்த்துப் படிக்கும் எங்கள் பழைய பயிற்சித் திட்டத்தின் மாணவர்கள் இந்த ஆண்டு ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ‘மாணவ வாழ்க்கையும் சாதனைகளும்’ என்று தலைப்புக் கொடுத்து, ஆங்கிலத்தில் நானூறு சொல்லுக்கு மிகாமல் எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் அனுப்பினேன். நன்றி சொல்லி வந்த பதிலில் என் இனிஷியல் தவறு. திருத்தி மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. போகட்டும்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பட்டங்கள், ஒரு பதக்கம், அச்சேறிய கட்டுரைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மாணவ வாழ்க்கை என்று நான் நினைத்துக்கொள்வது எதுவோ அது மட்டும் இல்லை. அதற்கு நானூறு சொல் போதாது, ஆங்கிலமும் போதாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதே பதிலில் ஒரு செய்தி இருந்தது. ஆய்வு செய்யும் ஆண்டுகளில் மாணவர்கள் வாரம் ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று எங்கள் காலத்தில் விதி இருந்தது. எங்கள் நாள் வியாழக்கிழமை. அந்த விதியை எடுத்துவிட்டார்களாம். ஆய்வுக்கு இடைஞ்சல் என்கிறார்கள். மாணவர்கள் மகிழ்ந்தார்கள் என்று ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தது. நான் அந்தக் கடிதத்தை மூடிவிட்டு, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், வீட்டில் இருக்கும் நாற்காலிகளை எண்ணினேன். நான்கு. மூன்றில் தூசி.

ஓய்வு பெற்றபின் நான் தங்க வயலுக்கே திரும்பிவிட்டேன். நந்திதுர்க் சுரங்கத்தின் பக்கம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் பழைய லைன் வீடு அம்மாவின் காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்தது. மனைவி இறந்தபின் பெங்களூரு ஃபிளாட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதைப் பார்த்து, கூப்பிடுகிற ஊருக்குப் போவோம் என்று வந்தேன். வந்து பார்த்தால் காலை ரயில் எல்லாரையும் பெங்களூருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பகலில் எங்கள் லைனில் இருபத்திரண்டு கதவுகளில் பதினைந்தில் பூட்டு. மீதி ஏழில் என்னைப் போன்றவர்கள். அவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள்தான். “டாக்டர் சார்” என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த லைனில் என் பெயர் சேகர். அது எப்படி டாக்டர் சார் ஆயிற்று என்பதுதான் விஷயம்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா சுரங்கத்தில் மரச்சட்டங்கள் நிறுத்தி மேற்கூரை தாங்கும் வேலை பார்த்தவர். நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டே போய்விட்டார். கல்லூரி முடித்ததும் பெங்களூரில் இந்தக் கூட்டுப் பயிற்சிக்கு மூன்று பேரை எடுத்தார்கள். அதில் நான் ஒருவன். மற்ற இருவரில் ஒருவர் பாதியில் விட்டு சொந்த மருத்துவமனை கட்டினார். இன்னொருவர் அமெரிக்கா போனார்; தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார், எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று. விடுதியில் எங்களை மருத்துவ மாணவர்கள் ‘எலிக்காரர்கள்’ என்பார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ‘ஊசிக்காரர்கள்’ என்பார்கள். இரண்டு உணவுக்கூடங்களிலும் எங்களுக்கு இடம் உண்டு, இரண்டிலும் பேச்சுத்துணை கிடையாது.

எங்கள் வழிகாட்டி டாக்டர் வத்ஸலா. நுரையீரல் துறை. ஒல்லியான, உயரமான பெண்மணி. எவ்வளவு கோபம் வந்தாலும் மாணவனை ‘டாக்டர்’ என்றுதான் அழைப்பார். கோபம் கூடக்கூட அந்த ‘டாக்டர்’ மெதுவாக வரும். தவறு என்ற சொல்லை நான் அவர் வாயில் கேட்டதில்லை. “திரும்பப் பாருங்க, டாக்டர்” என்பார். நாம் திரும்பப் பார்த்து, தவறை நாமே கண்டுபிடித்து, நாமே வெட்கப்பட வேண்டும்.

அவரிடம் இரண்டு விதிகள். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முதலில் பெயர், அடுத்து கூட வந்தவர் யார், அதற்கப்புறம்தான் இருமல், காய்ச்சல் எல்லாம். ஆய்வுக்கூடத்தில் நேர்மாறு. அங்கே பெயர் என்ற பேச்சே எழக்கூடாது, எண் மட்டும். யாருடைய மூச்சு என்று தெரிந்தால் கண் தானாகச் சாயும் என்பார். “அங்கே பேர் சொல்லுங்க. இங்கே பேர் சொல்லாதீங்க. எந்த இடத்தில நிக்கறோம்னு மட்டும் மறந்துடாதீங்க.”

என் ஆய்வு இதுதான்: பாறையில் துளை போட்டவர்களின் நெஞ்சில் கல்தூசி படியும், எக்ஸ்ரேயில் தெரியும், எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே மூச்சு குறையத் தொடங்கிவிடுகிறதா? அதைக் கண்டுபிடிக்க, ஓய்வு பெற்ற துளைக்காரர்கள் நூறு பேரையும், ஒருநாளும் கீழே இறங்காத மேல்வேலைக்காரர்கள் நூறு பேரையும் ஊதச் சொல்ல வேண்டும். சுரங்கம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆள் தேட நான் வேறெங்கே போவேன்? எங்கள் லைனுக்கே வந்தேன். பக்கத்துத் தேவாலயத்தார் கூடத்தைக் கொடுத்தார்கள்.

மூச்சு அளக்கும் கருவி அப்போது ஒரு தகரப்பெட்டி அளவு இருக்கும். உள்ளே ஒரு துருத்தி. குழாயில் ஊதினால் துருத்தி விரியும், மேலே ஒரு முள் எழும்பும், அடியில் கட்டம் போட்ட காகிதம் நகரும். ஆக, ஒவ்வொரு ஊதலும் ஒரு கோடாக விழும். நல்ல நுரையீரல் என்றால் கோடு செங்குத்தாக ஏறி, மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். கெட்ட நுரையீரல் என்றால் மேடேறும் மாட்டுவண்டிபோல் சாய்ந்து சாய்ந்து போகும்.

ஊத வைப்பதும் ஒரு வேலை. முதலில் உயரம் அளக்க வேண்டும். இடுப்புப் பட்டையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். பொய்ப்பல் ஆடினால் கழற்றச் சொல்ல வேண்டும், அதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள் இருவர். மூக்கில் கவ்வி. மூச்சை முழுக்க இழுத்து, அட்டைக்குழாயை உதடு இறுக்கிப் பிடித்து, வெடித்தாற்போல் ஊத வேண்டும், ஊதியபின்னும் விடாமல் ஊத வேண்டும். பக்கத்தில் நின்று நாம் கத்த வேண்டும்: “ஊது, ஊது, ஊது, இன்னும், இன்னும், இன்னும்!” மூன்று ஊதல் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். முதல் வாரம் கூடத்துக்கு வெளியே குழந்தைகள் நின்று என்னோடு சேர்ந்து கத்தினார்கள்.

அம்மாதான் ஆள் சேர்த்துக் கொடுத்தது. “எம் புள்ளைக்கு பரீட்சை. இந்த மெஷின்ல நீங்கள்லாம் வந்து ஊதினாத்தான் பாஸாம்” என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது. நானும் அதைத் திருத்தவில்லை. ஏறக்குறைய உண்மைதானே.

ஆனால் வியாழக்கிழமை நான் பெங்களூரில் வெளிநோயாளிப் பிரிவில் இருந்தாக வேண்டும். கருவி சும்மா கிடக்கக் கூடாது என்று துறையிலிருந்து சிவண்ணா என்ற டெக்னீஷியனை அனுப்பினார்கள். நல்ல வேலைக்காரர். மூச்சு அளப்பதில் என்னைவிடக் கை சுத்தம். துமகூருக்காரர், கன்னடம் மட்டும்தான். எங்கள் லைனில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. பெயரைக் கூப்பிடுவார், யார் எழுந்து வருகிறாரோ அவரை, முகம் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்து, ஊத வைப்பார்.

அறுபது பேர் முடிந்தபோது காகிதங்களை எடுத்துக்கொண்டு வத்ஸலா மேடத்திடம் போனேன். அவர் உட்கார்ந்து பார்க்க மாட்டார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு காகிதத்தை வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, வெளிச்சத்தில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று நின்றபடியே பார்ப்பார். அன்று ஐந்து காகிதங்களைத் தனியே எடுத்தார். ஐந்தும் மலைபோல் ஏறிய கோடுகள். அறுபது வயது துளைக்காரர்களுக்கு இப்படியா என்று நானே மகிழ்ந்திருந்த கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தையும் கண்ணாடியில் வைத்தார்.

“திரும்பப் பாருங்க, டாக்டர்.” மிக மெதுவாக வந்தது அந்த டாக்டர்.

பார்த்தேன். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பல். ரம்பம் ஒரு கடி கடித்தாற்போல. ஐந்திலும் அதே இடத்தில், அதே அளவு. இப்படி ஒரு பல் யாருக்கும் வருவதில்லை. ஐந்து பேருக்கு வந்திருக்கிறது.

உயரத்தைப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே உயரம். ஐந்தும் வியாழக்கிழமை.

“ஒரே ஆள்” என்றேன்.

“ஆமா.”

“இந்த அஞ்சையும் எடுத்துடறேன் மேடம். வேற அஞ்சு பேரைச் சேர்த்துக்கறேன்.”

அவர் காகிதங்களை என் கையில் கொடுத்தார். “இது ஆய்வுக்கூடத்துப் பதில். சரிதான். இன்னிக்கு என்ன கிழமை?”

வியாழக்கிழமை.

“அப்போ வெளிநோயாளிப் பிரிவுப் பதிலும் சொல்லுங்க. அஞ்சு பேர் ஊதல. ஏன் ஊதல?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் வியாழக்கிழமை வேண்டும் என்கிறேன். ஊதியவனைப் பிடிப்பது ஆய்வுக்காரன் வேலை. ஊதாதவனைத் தேடிப் போவது மருத்துவன் வேலை. அன்று அவர் கேட்டிருக்காவிட்டால் நான் ஐந்து காகிதங்களைக் குப்பையில் போட்டிருப்பேன், என் ஆய்வும் நன்றாகவே முடிந்திருக்கும், அந்த ஐந்தில் ஒருவரான குப்பன் பெரியப்பா செத்துப்போயிருப்பார்.

ரயிலில் வரும்போதே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் லைனில் அவ்வளவு உயரம் ஒருவர்தான். ஆரோக்கியசாமி அண்ணன். ஒர்க்ஷாப்பில் கடைசல் வேலை, ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும், மற்ற நாட்களில் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் டிரம்பெட் ஊதுகிறவர். டிரம்பெட்டில் சத்தம் பிறக்க நாக்கால் ஒரு தட்டுத் தட்டி ஊத வேண்டும். அந்தத் தட்டுதான் பல்லாக விழுந்திருக்கிறது.

வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வா சேகரு! இன்னா, ரிசல்ட்டு வந்திட்சா?”

“வந்தது அண்ணே. அஞ்சு பேருக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு.”

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, “கேட்டியா மேரி? நான் சொல்லல? குப்பண்ண பேருக்கு ஊதும்போதுதான் மூச்சு கணக்கா நின்னுச்சு” என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி, “அய்யோ, வாய வெச்சிக்கினு சும்மா கீறியாய்யா நீ? அந்தப் புள்ளைக்கிட்டயே சொல்றியே!” என்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

“அண்ணே, அஞ்சு பேருக்கும் நீங்களா ஊதினீங்க?”

“ஆறு பேருக்கு ஒத்துக்கினேன்பா. ஆறாவது ஆளுக்குள்ள அந்தக் கன்னடக்காரரு சாப்புடப் போய்ட்டாரு. கெட்டிக்கார மனுஷன். நல்லா கீதுன்னு, ‘சென்னாகிதே, சென்னாகிதே’ன்னு தட்டிக் குடுத்தாரு.”

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?”

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “இன்னாடா ஏன்னு கேக்கற? உனுக்கு பரீட்சை. நம்ப ஆளுங்க ஊதி முள்ளு ஏறலன்னா, காலேஜில உன்ன ஃபெயிலு பண்ணிட்டா? ஒருத்தனுக்கு முடியலன்னா இன்னொருத்தன் ஷிஃப்ட்டு மாத்திக்கினு இறங்கறது இல்லியா? இதுவும் அதான்.”

 ஒரு லைனே கூடி என்னைப் பாஸ் பண்ண வைக்க முயன்றிருக்கிறது. எனக்குக் குறைந்த மூச்சு வேண்டும் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

ஐந்தில் இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், ஒருவர் சோம்பேறித்தனம். இன்னும் இருவருக்கு மூச்சு குறைவு. அது அவர்களுக்கே தெரியும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது குப்பன் பெரியப்பா.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. சொந்தமல்ல, ஆனால் பெரியப்பா. வாழ்நாள் முழுக்கத் துளைபோட்ட ஆள். மனைவி இல்லை. ஒரே மகள் மல்லிகா, என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை ‘சேகரண்ணா’ என்பாள். சின்ன வயதில் நான் அந்த வீட்டுக் கட்டிலில் தூங்கி எழுந்த நாட்கள் எங்கள் வீட்டில் தூங்கியதைவிட அதிகம் என்று அம்மா குறைப்படும். அன்றும் நேராகப் போய் அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“பெரியப்பா, நீங்க ஊதலியாமே.”

“ஆரோக்கியம் ஊதினா இன்னா, நான் ஊதினா இன்னா.” ஒரு மூச்சு. “எல்லாம் ஒரே லைனுதான்.”

“எனக்கு உங்க மூச்சுதான் வேணும்.”

“என்துல இன்னா கீது?” இன்னொரு மூச்சு. “கூடத்துப் படி ஏறவே முடியல.”

“அதான் வேணும். கம்மியா இருந்தா கம்மின்னு எழுதணும். கம்மியா இருக்கறதத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன் பெரியப்பா. அதுதான் என் படிப்பே.”

அவர் என்னைப் பார்த்தார். 

“அப்போ நாங்கல்லாம் மூச்சு வாங்கினாத்தான் உனுக்குப் பட்டமா?”

“நைனா, சும்மா இரு” என்றாள் மல்லிகா.

“கேட்டேன். தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்.” பிறகு என்னிடம், “வரேன். ஆனா யாரும் பாக்கக் கூடாது” என்றார்.

கூடத்தில் யாரும் இல்லாத வேளையில் கூட்டிப்போனோம். இருந்தவை நாற்பது பெஞ்சுகள், ஒரு கருவி, நாங்கள் மூன்று பேர். மூக்கில் கவ்வியை நானே வைத்தேன். இழுத்தார், ஊதினார். “ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க” என்று நான் கத்தவில்லை, கெஞ்சினேன். முள் எழும்ப மனமில்லாமல் எழும்பி, பாதிக்கும் கீழே நின்று, நடுங்கியது. மூன்று முறையும் அப்படியே. மூன்றாவதில் இருமல் பிடித்துக்கொண்டது.

இருமல் நின்றதும் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். “இவ்ளோதானா?”

“அவ்வளவுதான் பெரியப்பா.”

“ஆரோக்கியம் ஊதினதக் காட்டு.”

காட்டினேன். அவர் பெயரில் ஏறியிருந்த மலையை ஒரு கையிலும், அவருடைய சொந்தக் கோட்டை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தார். படிப்புத் தெரியாதவர்தான். அந்த இரண்டு கோட்டையும் படிக்க யாருக்கும் படிப்புத் தேவையில்லை. தன்னுடையதை என்னிடம் நீட்டினார். “வெச்சிக்கோ. உன்துக்கு ஆவும்.”

மல்லிகா அப்போதுதான் சொன்னாள், சாயங்காலம் சாயங்காலம் உடம்பு சுடுகிறது என்றும், சட்டை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றும். கல்தூசி படிந்த நெஞ்சில் காசநோய் எளிதாகக் குடிவரும். குடிவந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றால் ஆளைத் தின்றுவிடும். அடுத்த வியாழக்கிழமை இருவரையும் ரயிலில் பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மல்லிகா எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

வெளிநோயாளிப் பிரிவில் எங்கள் முறை வந்தது. மேடம் நின்றிருந்தார்.

“பேர்?”

“குப்பன், மேடம்.”

“கூட வந்தவங்க?”

“மகள் மல்லிகா. அப்புறம், நான்.”

மேடம் மேசையைக் காட்டினார். நோயாளி உட்கார ஒரு முக்காலி. கூட வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சு. மேசைக்கு அந்தப்பக்கம் மருத்துவருக்கு ஒரு நாற்காலி. “நீங்க இன்னிக்குக் கூட வந்தவரா, டாக்டரா? எதுவா இருந்தாலும் சரி. உட்காருங்க. வெளியே இன்னும் முப்பது பேர் இருக்காங்க.”

கடுமையாகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவரே பார்த்திருப்பார், அதில் எனக்குக் குறை வந்திருக்காது. ஆனால் அந்த நெஞ்சை என் காதால் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு யாரும் அவசரமாகக் கேட்டுவிடக் கூடாது என்று பயமாகவும் இருந்தது. மேசையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குப்பன் பெரியப்பா முக்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். சட்டைப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு, கேலி இல்லாமல், குத்தல் இல்லாமல், மரியாதையாகக் கேட்டார்.

“கழட்டணுங்களா டாக்டர் சார்?”

பெஞ்சில் மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

சளியில் கிருமி இருந்தது. மருந்து உடனே தொடங்கினோம். நாள் தவறாமல் விழுங்க வைத்தது மல்லிகா. நோய் குணமானது, உடம்பு தேறியது, சட்டை மறுபடி பொருந்தியது. போன மூச்சு மட்டும் திரும்பவில்லை, அது திரும்பாது. அதற்குப்பின் பல ஆண்டுகள் இருந்தார், பேரனையும் பார்த்தார். நான் போகும்போதெல்லாம் மல்லிகா உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து, துண்டால் துடைத்துப் போடுவாள். அவர் கட்டிலில், நான் நாற்காலியில். “டாக்டர் சார், டீ சாப்பிடறீங்களா?” லைன் முழுக்க அப்படியே ஆகிவிட்டது. எல்லா வீட்டிலும் எனக்கென்று ஒரு நாற்காலி. ஆரோக்கியசாமி அண்ணன்கூட ஒருமுறை “வாங்க சார்” என்றுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் திருத்தவில்லை.

ஆய்வு முடிந்தது. ஆரோக்கியசாமி அண்ணனின் ஐந்து காகிதங்களையும் நீக்கினோம். நீக்கும்போது ஒன்றை மேடம் கையில் எடுத்து, “மேல்வேலைக்காரர்தானே? அவர் சொந்தப் பேரில ஒரு தடவை ஊதட்டும். நல்ல நுரையீரல், வீணாக்கக் கூடாது” என்றார். ஊதினார். அப்போதும் அந்தப் பல் விழுந்தது.

பதக்கம் கிடைத்தது. பெரிய அரங்கில் படம்போட்டு விளக்கினேன். இருநூறு பேர், இருநூறு புள்ளிகள். பெயரில்லை, எண்கூட இல்லை. இருந்தும் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி யாருடையது என்று எனக்குத் தெரியும். இடது கீழே, கூட்டத்தைவிட்டு விலகிக் கிடந்த புள்ளி யாருடையது என்றும் தெரியும். கைதட்டினார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வந்தபின் மேடம் மட்டும், “எல்லாருக்கும் பதில் சொல்லிட்டீங்களா, டாக்டர்?” என்றார். அரங்கில் கேட்கப்பட்ட கேள்விகளைச் சொல்கிறார் என்று நினைத்து, “சொல்லிட்டேன் மேடம்” என்றேன். அவர் சொன்னது ஊதியவர்களை என்று பிறகுதான் உறைத்தது. ‘அப்போ நாங்கல்லாம் மூச்சு வாங்கினாத்தான் உனுக்குப் பட்டமா?’ என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மேடமும் இப்போது இல்லை, கேட்பதற்கு.

மீதி வேலைக்காலம் எல்லாருக்கும் போலத்தான். கற்பித்தேன், எழுதினேன், கமிட்டிகளில் உட்கார்ந்தேன். அது அந்த நானூறு சொல்லில் இருக்கிறது.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காற்றடிக்கும் பருவத்தில் இங்கே சைனைட் மண்மேடுகளிலிருந்து தூசி கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். தங்கம் பிரிக்க ஆலையில் அரைத்து, சயனைடு கலந்து, கழித்த மண் அது, மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அந்தத் தூசியால் மூச்சு குறைகிறதா என்று பார்க்க எங்கள் திட்டத்து மாணவர்கள் வந்தார்கள். அதே கூடம். பெஞ்சுகள் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள், அறுபது, அவற்றில் எட்டுக்குக் கால் சரியில்லை. கருவி இப்போது கைப்பேசி அளவுதான். முள் இல்லை, காகிதம் இல்லை, எண் மட்டும் வரும். ஒரு பெண் எல்லாரையும் எண் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இனிஷியலையே தவறாகப் போட்டவர்களிடம் என்ன சொல்வது? எனக்கு எண் பதினேழு.

எனக்கும் மூச்சு இப்போது அவ்வளவு சரியில்லை. வயதும் ஆயிற்று, தூசியும் சேர்ந்தது. கூடத்துப் படியேறி உட்கார்ந்ததும் இருமல் வந்தது, நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் மல்லிகா இருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக என்னை டாக்டர் சார் என்றுதான் சொல்லி வந்தாள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடித்தேன். ஊத வைக்கிற பெண்ணையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

“சேகரண்ணா, இதுங்க உங்க காலேஜு புள்ளைங்களாமே. இதுங்க முன்னாடி உங்குளுக்கு கம்மியா வந்தா கஷ்டமா இருக்கும் இல்ல? எம் பையன் லீவுலதான் கீறான், வெளிய நிக்கறான். உங்க பேருக்கு அவன் ஊதட்டுமா? நல்லா ஓடறவன். அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி எங்க தெரியப் போவுது?”

நான் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, இருமல் நிற்கட்டும் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

“பதினேழு!” என்றாள் அந்தப் பெண்.

“வேணாம் மல்லிகா. நானே ஊதறேன்” என்று எழுந்தேன்.

இழுத்தேன், ஊதினேன். அந்தப் பெண் “ஊதுங்க, ஊதுங்க, இன்னும்” என்று சரியாகவே கத்தினாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று முறை. எண் வந்தது. நான் நினைத்ததைவிடக் குறைவு. வெளியே வந்தபோது மல்லிகா படிக்கட்டில் நின்றிருந்தாள்.

“இன்னா, பாஸா?”

“ஃபெயிலு.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதுக்குத்தான் சொன்னேன், கேட்டீங்களா? சரி வாங்க, டீ போட்டுத் தரேன்.”

மெதுவாகத்தான் நடக்க முடிந்தது, இருவருக்குமே. அவள் வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் வாசலிலேயே நின்றேன், அவள் உள்ளே போய் நாற்காலி எடுத்து வரட்டும் என்று. அவள் போகவில்லை. கட்டிலில் கிடந்த துவைத்த துணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, “உக்காருண்ணா, இன்னா நின்னுக்கினே கீற?” என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

உட்கார்ந்தேன்.